விசுவாசமா, கிரியையா: கத்தோலிக்கரும் புராட்டஸ்டண்டும் பிரியும் இடம்

கோவை, ஈரோடு பக்கம் ஆர்.சி. (கத்தோலிக்க) வீட்டுக்கும் சி.எஸ்.ஐ. (புராட்டஸ்டண்ட் வழியில் வந்த தென்னிந்தியத் திருச்சபை) வீட்டுக்கும் சம்பந்தம் பேசும்போது யாராவது ஒரு பெரியவர் வாயிலிருந்து இது வந்துவிடும்: "அவங்க நேர்ச்சை, நோன்புன்னு புண்ணியஞ் சேர்த்து மோட்சம் போறவங்க. நாம இயேசுவை நம்புறவங்க." அந்தப் பக்கத்து வீட்டிலும் சும்மா இருக்கமாட்டார்கள்: "அவங்களுக்கு நம்புனாப் போதுங்க. அப்புறம் எப்படி நடந்துக்கிட்டாலும் பரவாயில்லைன்னு இருப்பாங்க."

இரண்டு பேச்சுமே தவறு. நல்ல காரியம் செய்து கடவுளின் மன்னிப்பைச் சம்பாதிக்கலாம் என்று கத்தோலிக்கத் திருச்சபை போதிப்பதில்லை. நம்பிவிட்டு இஷ்டப்படி வாழலாம் என்று, புராட்டஸ்டண்ட் வழிகளின் முன்னோடிகளான லுத்தரும் சொல்லவில்லை, கால்வினும் சொல்லவில்லை, மெதடிஸ்ட் வழியைத் தொடங்கிய வெஸ்லியும் சொல்லவில்லை. ஆனாலும் இரு தரப்புக்கும் நடுவே வேறுபாடு உண்டு. 500 ஆண்டுகளாகச் சபைகளைப் பிரித்துவைக்கும் அளவுக்கு உண்டு. அது எங்கே இருக்கிறது என்பதைத்தான் இங்கே முதலிலிருந்து சொல்லப் பார்க்கிறேன். நான் சி.எஸ்.ஐ. ஆலயத்தில் வளர்ந்தவன், மனைவி வீடு ஆர்.சி. இரு பக்கத்தையும் அவரவர் ஏற்றுக்கொள்ளும் விதமாகச் சொல்ல வேண்டும் என்ற கவலை எனக்கு உண்டு.

சொற்களை முதலில் முடித்துக்கொள்வோம். ஆர்.சி. ஆலயத்தில் நம்பிக்கை, அருள், மீட்பு, நற்செயல் என்பார்கள். சி.எஸ்.ஐ., லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளில் விசுவாசம், கிருபை, இரட்சிப்பு, கிரியை என்பார்கள். பேசப்படுவது ஒரே விஷயங்கள்தான். வேதாகமப் பழைய மொழிபெயர்ப்பில் 'நீதிமானாக்கப்படுதல்' என்று வருவதைக் கத்தோலிக்கர் 'கடவுளுக்கு ஏற்புடையவர் ஆதல்' என்கிறார்கள். நான் இரண்டையும் கலந்தே எழுதுகிறேன்.

கேள்வி இதுதான்: பாவியான ஒரு மனிதன் பரிசுத்தமான கடவுளுக்கு முன் எப்படி நிற்க முடியும்? அவனை நீதிமான் என்று கடவுள் ஏற்றுக்கொள்ளும்போது உண்மையில் என்ன நடக்கிறது?

நம் ஊர்ச் சபைகள் எந்த வழியில் வந்தவை என்று தெரிந்தால் பின்னால் வரும் சரித்திரம் எளிதாகப் புரியும். கொங்கு நாட்டில் கத்தோலிக்கம் பழையது. கருமத்தம்பட்டி ஜெபமாலை மாதா ஆலயத்தின் வேர் 17ஆம் நூற்றாண்டில், சேசு சபைக் குருக்களின் மதுரை மிஷன் காலத்தில் இருக்கிறது. கோவை மறைமாவட்டம் 1886இலும் சேலம் மறைமாவட்டம் 1930இலும் அமைந்தன. புராட்டஸ்டண்ட் பக்கம், லண்டன் மிஷனரி சங்கம் 1830இல் கோவைக்கு வந்தது. ஈரோட்டில் பிரப் ரோடு, பிரப் நினைவாலயம் என்ற பெயர்களில் இன்றும் வாழும் ஏ. டபிள்யூ. பிரப் அந்தச் சங்கத்து மிஷனரிதான். தாராபுரம், கரூர் பக்கம் வெஸ்லியன் மெதடிஸ்டுகள் வேலை செய்தார்கள். 1947 செப்டம்பர் 27 அன்று ஆங்கிலிக்கன், மெதடிஸ்ட் சபைகளும், லண்டன் மிஷன் சபைகள் சேர்ந்திருந்த தென்னிந்திய ஐக்கிய சபையும் இணைந்து சி.எஸ்.ஐ. ஆயின. ஆகவே கொங்கு நாட்டுச் சி.எஸ்.ஐ. குடும்பம் ஒன்றின் பாட்டன், லண்டன் மிஷனின் கால்வின் வழிச் சபையிலோ மெதடிஸ்டுகளின் வெஸ்லி வழிச் சபையிலோ ஞானஸ்நானம் பெற்றவராக இருப்பார். லுத்தரன் வழி தரங்கம்பாடியில் 1706இல் சீகன்பால்கு வந்து இறங்கியதிலிருந்து தொடங்குகிறது. அதன் வாரிசான டி.ஈ.எல்.சி. (தமிழ் சுவிசேஷ லுத்தரன் திருச்சபை) நம் பக்கத்தில் சிறியதுதான்.

இனி விஷயத்துக்கு வருவோம்.

சண்டையைப் பற்றிப் பேசுகிறவர்கள் அதிகம் சொல்லாத ஒன்று, இரு தரப்புக்கும் பொதுவான தரை எவ்வளவு பெரியது என்பது. 5ஆம் நூற்றாண்டில் பெலாஜியுஸ் என்பவர், மனிதன் தன் மனவலிமையாலேயே பாவம் செய்யாமல் வாழ முடியும் என்ற போக்கில் போதித்தார். வட ஆப்பிரிக்காவில் ஆயராக இருந்த புனித அகுஸ்தினார் அதைக் கடுமையாக எதிர்த்தார். கடவுளின் அருள் முந்திக்கொண்டு வந்து தொடாவிட்டால் மனிதனால் கடவுளை நோக்கி ஓர் அடிகூட வைக்க முடியாது என்றார். ஆயர்கள் கூடிய 418ஆம் ஆண்டுக் கார்த்தேஜ் சங்கமும் 529ஆம் ஆண்டு ஆரஞ்சு சங்கமும் அகுஸ்தினாரின் பக்கமே நின்றன. லுத்தர் அகுஸ்தினார் சபைத் துறவி. கால்வின் பக்கத்துக்குப் பக்கம் அகுஸ்தினாரை மேற்கோள் காட்டுபவர். கத்தோலிக்கத்துக்கோ அகுஸ்தினார் மறைவல்லுநர், அதாவது திருச்சபையே ஏற்றுக்கொண்ட பேராசான். மூவரும் ஒரே கிணற்றுத் தண்ணீர் குடித்தவர்கள்.

லுத்தருக்கு எதிராகக் கத்தோலிக்கத் திருச்சபை கூட்டியது திரெந்து சங்கம். நீதிமானாக்கப்படுதல் பற்றி அது 1547 ஜனவரி 13 அன்று வெளியிட்ட ஆணையில் கண்டன விதிகள் 33. அவற்றில் முதலாவது யாரைக் கண்டிக்கிறது? கிறிஸ்துவின் வழியாக வரும் அருள் இல்லாமலே, சொந்தச் செயல்களால் மனிதன் கடவுளுக்கு முன் நீதிமான் ஆகலாம் என்று சொல்கிறவனை. அதே ஆணையின் 8ஆம் அதிகாரம், நீதிமானாக்கப்படுவதற்கு முன் நாம் கொண்டிருக்கும் விசுவாசமோ செய்யும் செயலோ எதுவும் அந்த அருளுக்கு நம்மைத் தகுதியாக்காது என்கிறது. 'புண்ணியம் சேர்த்து மோட்சம் போகிறவர்கள்' என்று கத்தோலிக்கரைச் சொல்லும் என் சபையார் இந்த இரண்டு இடங்களையும் ஒரு தடவையாவது படிக்க வேண்டும் என்பது என் ஆசை.

இவ்வளவு படிக்காவிட்டாலும் பரவாயில்லை. ஆர்.சி. ஆலயத்தில் நடக்கும் ஒரு திருமுழுக்கைப் பார்த்தால் போதும். பிறந்து சில வாரமே ஆன குழந்தை. தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டு அழுகிறது, அவ்வளவுதான் அது செய்தது. ஒரு நோன்பு இல்லை, ஒரு தர்மம் இல்லை. அந்தக் கணத்தில் அது கடவுளுக்கு ஏற்புடைய பிள்ளை ஆகிவிட்டது என்பது கத்தோலிக்கப் போதனை. கிரியைக்கு அங்கே இடம் ஏது?

சரி, அப்படியானால் லுத்தர் ஏன் கிளம்பினார்?

1483இல் பிறந்த மார்ட்டின் லுத்தர் 1505இல் துறவு மடத்தில் சேர்ந்தார். மடத்தில் அவரை வாட்டியது ஒரே பயம்: நான் செய்வது போதுமா? மணிக்கணக்கில் பாவசங்கீர்த்தனம் செய்வார் (குருவிடம் தன் பாவங்களைச் சொல்லி மன்னிப்புக் கேட்பார்), எழுந்து போவார், இன்னொரு பாவம் நினைவுக்கு வந்து திரும்பி வருவார். நோன்பிருந்து உடம்பை வருத்திக்கொண்டார். மனம் அடங்கவில்லை. பிறகு விட்டன்பர்க் பல்கலைக்கழகத்தில் வேதம் கற்பித்துக்கொண்டிருந்தபோது, ரோமர் நிருபம் 1:17இல் வரும் 'தேவநீதி' அவரை மாற்றியது. அது கடவுள் நம்மைத் தண்டிக்கப் பயன்படுத்தும் நீதி என்று அதுவரை அஞ்சியிருந்தார். கடவுள் நமக்குத் தானமாகக் கொடுக்கும் நீதி அது, விசுவாசத்தினால் பெற்றுக்கொள்வது என்று புரிந்தபோது பரலோகத்தின் கதவுகள் திறந்ததுபோல் இருந்ததாகப் பிற்காலத்தில் எழுதினார்.

1517 அக்டோபர் 31இல் அவர் வெளியிட்ட 95 கருத்துரைகள் நேரடியாக இதைப் பற்றியவை அல்ல. நம் பள்ளிப் புத்தகங்களில் 'பாவமன்னிப்புச் சீட்டு' என்று படித்தோமே, அதைப் பற்றியவை. தெட்சல் என்ற குரு அதை ஊர் ஊராகப் பிரசங்கித்துப் பணம் வசூலித்தார். ரோமில் புனித பேதுரு பேராலயம் கட்டுவதற்கு என்று பெயர். அதில் பாதி, மைன்ஸ் பேராயர் ஆல்பிரெக்ட் தன் பதவிக்காக வாங்கியிருந்த கடனை அடைக்கப் போனது. கத்தோலிக்கப் போதனைப்படி அந்தச் சீட்டின் பலன் பாவத்தை மன்னிப்பது அல்ல. மன்னிக்கப்பட்ட பாவத்துக்கு மிச்சமிருக்கும் தற்காலிகத் தண்டனையைக் குறைப்பது மட்டுமே. சந்தையில் காசு கொடுத்து வாங்கிப்போன சனத்துக்கு இந்த நுணுக்கம் எங்கே போய்ச் சேர்ந்திருக்கும்? லுத்தரின் கோபம் நியாயமானது. 1567இல் திருத்தந்தை ஐந்தாம் பத்திநாதரே பணம் சம்பந்தப்பட்ட இத்தகைய பலன்களை ரத்து செய்தார்.

பணப் பிரச்சினை இப்படித் தீர்ந்த பிறகும் பிளவு தீரவில்லை. அடியில் கிடந்த வேறுபாடு வேறு. அதை நம் ஊர்க் காட்டில் வைத்துப் பார்க்கலாம்.

மழை பொய்த்து, கிணறு வற்றி, மஞ்சள் வைத்த காடு கருகிப்போன ஒரு விவசாயி. சொசைட்டியில் வாங்கிய பயிர்க்கடன் வட்டியோடு ஏறி நிற்கிறது. அவரால் ஆயுசுக்கும் கட்ட முடியாது. அவருக்காக வேறு ஒருவர், தன் சொத்தை எல்லாம் விற்று, முழுப் பணத்தையும் கட்டிவிடுகிறார்.

லுத்தரும் கால்வினும் சொல்வது: கட்டிய பணம் பேரேட்டில் விவசாயியின் பெயரில் ஏறுகிறது. 'பாக்கி இல்லை' என்று சொசைட்டியில் சான்று கொடுத்துவிட்டார்கள். அந்த நிமிடம் அவருடைய காடு இன்னும் கருகித்தான் கிடக்கிறது. ஆனால் அவர் கடன்காரர் இல்லை. நீதிமானாக்கப்படுதல் என்பது இந்த அறிவிப்பு. கிறிஸ்துவின் நீதி நம் கணக்கில் வைக்கப்படுகிறது, கடவுள் நம்மை நீதிமான் என்று தீர்ப்புச் சொல்கிறார். விசுவாசம் என்பது அந்தச் சான்றை நீட்டும் கையிலிருந்து வாங்கிக்கொள்வது. வாங்குவதைத் தவிர நாம் செய்வது எதுவும் இல்லை என்பதால்தான் 'விசுவாசத்தால் மட்டும்'. கடனைக் கட்டியவர் அதோடு போய்விடுவதில்லை, காட்டுக்குத் தண்ணீரும் விடுகிறார், நாளாவட்டத்தில் வெள்ளாமை வருகிறது. அதற்குப் பெயர் பரிசுத்தமாகுதல். அது கட்டாயம் வரும். ஆனால் எத்தனை மூட்டை விளைந்தது என்பது சொசைட்டிப் பேரேட்டில் ஒருபோதும் ஏறாது.

திரெந்து சங்கம் சொல்வது: கடனைக் கட்டியவர் பேரேட்டைத் திருத்திவிட்டுக் காட்டை அப்படியே விடுகிறவர் அல்ல. கடனைத் தீர்ப்பதும் கிணற்றில் ஊற்றுக் கண்ணைத் திறப்பதும் ஒரே செயல். நீதிமானாக்கப்படுதல் என்பது மன்னிப்பு மட்டுமன்று, உள்ளான மனிதன் புதுப்பிக்கப்படுவதும்தான். கடவுள் நீதிமான் என்று சொன்னால் அந்தச் சொல்லே நம்மை நீதிமானாக ஆக்கிவிடும். பிறகு விளைகிற வெள்ளாமையும் அவர் விட்ட தண்ணீரில் விளைந்ததுதான். ஆனால் அது மெய்யாகவே விவசாயியின் காட்டில் விளைந்தது. அதைப் பார்த்து அவர் மகிழ்ந்து இன்னும் கொடுக்கிறார். நற்செயலின் பேறுபலன் என்று கத்தோலிக்கர் சொல்வது இதை. கடவுள் நம் பேறுபலன்களுக்கு முடி சூட்டும்போது தம் கொடைகளுக்கே முடி சூட்டுகிறார் என்று அகுஸ்தினார் சொன்னதும் இதைத்தான்.

இந்த உவமைக்கு ஓர் எல்லை உண்டு. கடவுள் வட்டிக்கடைக்காரர் அல்ல, இது தகப்பனுக்கும் பிள்ளைக்கும் நடுவில் நடப்பது. அந்த எல்லையோடு பார்த்தால் பிரியும் இடம் தெரிகிறது. அருள் தேவையா, கிறிஸ்து தேவையா, விசுவாசம் தேவையா என்பதில் சண்டையே இல்லை. மன்னித்து ஏற்றுக்கொள்ளுதல், உள்ளே புதுப்பித்தல் என்ற இரண்டும் ஒரே செயலா, சேர்ந்தே வரும் இரு செயல்களா? கடவுளுக்கு முன் நான் நிற்பதற்கு ஆதாரம் எனக்கு வெளியே இருக்கும் கிறிஸ்துவின் நீதி மட்டுமா, அவர் எனக்குள் ஊற்றிய நீதியும் அதில் சேருமா? இங்கேதான் பாதை பிரிகிறது.

இதிலிருந்து அடுத்தது தானாக வரும். நீதிமானாக்கப்படுதல் ஒரு தீர்ப்பு என்றால் அது முழுசாக ஒரே தடவையில் வருவது. கூடவும் செய்யாது, குறையவும் செய்யாது. அது உள்ளே நடக்கும் புதுப்பித்தல் என்றால் அது வளரலாம், சாவான பாவத்தால் (அருளையே அறுத்துவிடும் பெரும் பாவத்தால்) இழந்தும் போகலாம், ஒப்புரவு அருள்சாதனத்தில், அதாவது பாவசங்கீர்த்தனத்தில், திரும்பப் பெறலாம். என் சபையார் ஆர்.சி. ஆலயத்துப் பாவசங்கீர்த்தனத் தொட்டியை ஏதோ வெறும் சடங்கு என்று நினைக்கிறார்கள். இந்தக் கோணத்தில் பார்த்தால் அது கத்தோலிக்கருடைய போதனையோடு பின்னிக் கிடப்பது விளங்கும்.

வேதத்தில் இருக்கும் ஒரு சிக்கலையும் பார்க்க வேண்டும். இந்த விஷயத்தில் எனக்கு மிகவும் பிடித்த பகுதியும் அதுதான்.

ரோமர் 3:28இல் பவுல், மனுஷன் நியாயப்பிரமாணத்தின் கிரியைகளில்லாமல் விசுவாசத்தினாலேயே நீதிமானாக்கப்படுகிறான் என்கிறார். யாக்கோபு 2:24, விசுவாசத்தினாலே மாத்திரமல்ல, கிரியைகளினாலேயும் நீதிமானாக்கப்படுகிறான் என்கிறது. மேலோட்டமாகப் பார்த்தால் நேருக்கு நேர் மோதல். யாக்கோபு நிருபத்தை லுத்தர் 1522இல் 'வைக்கோல் நிருபம்' என்றே எழுதிவிட்டார். அது அவசரச் சொல் என்று நான் நினைக்கிறேன்.

இருவரும் ஆபிரகாமைத்தான் சாட்சிக்கு அழைக்கிறார்கள். இருவரும் ஆதியாகமம் 15:6ஐ மேற்கோள் காட்டுகிறார்கள்: ஆபிரகாம் விசுவாசித்தான், அது அவனுக்கு நீதியாக எண்ணப்பட்டது. பவுல் அந்த இடத்திலேயே நிற்கிறார். அப்போது ஆபிரகாமுக்குப் பிள்ளை இல்லை, விருத்தசேதனம் இல்லை, கையில் இருந்தது நட்சத்திரங்களைக் காட்டிக் கடவுள் கொடுத்த வாக்கு மட்டும். யாக்கோபு பல வருடம் தள்ளி, 22ஆம் அதிகாரத்துக்குப் போகிறார். அங்கே ஈசாக்கைப் பலிபீடத்தில் கிடத்திய தகப்பன் நிற்கிறான். அந்தக் கிரியையில் விசுவாசம் பூரணப்பட்டது என்கிறார்.

இந்த இரண்டு அதிகாரங்களுக்கு நடுவில் நடந்தது என்ன? புராட்டஸ்டண்டுகள் சொல்வார்கள்: 15இல் நீதிமானானவன் 22இல் தன் விசுவாசம் உயிருள்ளது என்று காட்டினான், யாக்கோபு பேசுவது நிரூபிப்பதைப் பற்றி. கத்தோலிக்கர் சொல்வார்கள்: 15இல் பெற்ற நீதி 22இல் வளர்ந்தது. திரெந்து ஆணையின் 10ஆம் அதிகாரம் நீதி வளர்வதைப் பற்றிப் பேசும்போது யாக்கோபின் இதே வசனத்தைத்தான் காட்டுகிறது. இரண்டு வாசிப்பிலும் ஒன்று மாறவில்லை: கிரியையே வராத விசுவாசம் செத்தது. விசுவாசம் மட்டுமே நீதிமானாக்கும், ஆனால் நீதிமானாக்கும் விசுவாசம் தனியே இருப்பதில்லை என்பது கால்வின் வழிச் சபைகளின் நிலை. லுத்தரன்களின் 1530ஆம் ஆண்டு ஆக்ஸ்பர்க் அறிக்கை 4ஆம் பிரிவில் விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுவதைச் சொல்லிவிட்டு, 6ஆம் பிரிவில் அந்த விசுவாசம் நற்கனிகளைப் பிறப்பித்தே ஆக வேண்டும் என்கிறது.

கனி என்றதும் எனக்கு அறுப்பின் பண்டிகைதான் நினைவுக்கு வரும். எங்கள் பக்கத்து ஆலயத்தில் ஆராதனை முடிந்ததும் வாசலில் ஏலம் தொடங்கும். கால் கட்டின சேவல், பூசணி, தேங்காய்க் குலை, ஒரு சிப்பம் மஞ்சள். ஓய்வு பெற்ற ஒரு டீச்சரம்மா வாழைத்தாரைச் சந்தை விலைக்கு மேல் பல மடங்கு கேட்டு எடுப்பார். எடுத்த கையோடு, "இதை மறுபடி ஏலத்துக்கே விட்ருங்க தம்பி" என்று திருப்பிக் கொடுத்துவிடுவார். மோட்சத்தில் இடம் பிடிப்பதற்கா? கேட்டால் அவருக்குக் கோபமே வந்துவிடும். 'அவர் எனக்குச் செஞ்சதுக்கு நான் என்ன செஞ்சுட்டேன்' என்பார். புலியகுளம் அந்தோணியார் ஆலயத்தில் செவ்வாய்க்கிழமை மெழுகுவர்த்தி ஏற்றிவிட்டு, வாசலில் இருக்கும் ஏழைகளுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் கொடுக்கும் என் மாமியாரும் ஏறத்தாழ இதையேதான் சொல்கிறார். ஒரு தடவை அவர் பங்குக் குருவிடமே கேட்டார்: "ஏனுங்க ஃபாதர், நேர்ச்சை செலுத்துனாத்தான் மன்னிப்புங்களா?" அவர் தயங்காமல் சொன்னார்: "மன்னிப்பை யாரும் வாங்க முடியாதும்மா. நீங்க கொடுக்கறது அன்புக்கு."

நடைமுறையில் இவ்வளவு நெருக்கம் இருந்தும், ஒரு கேள்வியில் இரு தரப்பும் சட்டென்று தள்ளி நிற்கும்: நான் மீட்கப்பட்டவன் என்று எனக்கு நிச்சயமாகத் தெரியுமா? என் கணிப்பில் வேறுபாட்டின் நெஞ்சு இதுதான். மடத்தில் தவித்த லுத்தருக்கு இது உயிர்ப் பிரச்சினை. ஆதாரம் எனக்கு வெளியே, கிறிஸ்துவின் சிலுவையில் இருக்கிறது என்றால், என் உள்ளத்தை நோண்டிப் பார்க்காமல் அவருடைய வாக்கைப் பிடித்துக்கொண்டு நிம்மதியாகத் தூங்கலாம். திரெந்து சங்கமோ, கடவுளின் இரக்கத்தைச் சந்தேகிக்காதே, ஆனால் கடைசி வரை நிலைத்திருப்பேன் என்று யாரும் தனி வெளிப்பாடு இல்லாமல் அறுதியிட்டுச் சொல்லிக்கொள்ளக் கூடாது என்றது. நம்பிக்கையோடு எதிர்நோக்கு, மார் தட்டாதே என்பது அதன் தொனி. புராட்டஸ்டண்டுகளுக்குள்ளும் இதில் ஒரே குரல் இல்லை. கடவுள் தெரிந்துகொண்டவர்கள் கடைசிவரை விழுந்துபோக மாட்டார்கள் என்பது கால்வின் வழி. வெஸ்லி 1738 மே 24 அன்று லண்டனில், ரோமர் நிருபத்துக்கு லுத்தர் எழுதிய முன்னுரை வாசிக்கப்பட்டதைக் கேட்டு உள்ளம் அனல்கொண்டவர். நிச்சயம் உண்டு என்றார். அதேசமயம் விசுவாசி விழுந்துபோகவும் கூடும், ஆகவே பரிசுத்தத்தை நாடு என்று வாழ்நாளெல்லாம் பிரசங்கித்தார். தாராபுரம், கரூர் வழி வந்த குடும்பங்கள் இந்த விஷயத்தில் கத்தோலிக்கருக்கு எவ்வளவு பக்கத்தில் நிற்கின்றன என்பது அவர்களுக்கே தெரியாமல் இருக்கலாம்.

திருப்பூரில் தொழிலாளர் குடியிருப்புகளின் மாடி அறைகளில் நடக்கும் ஜெபக்கூட்டங்களுக்குப் போனால், "நீங்க இரட்சிக்கப்பட்டீங்களா, எப்போ?" என்று முதல் கேள்வியாகவே கேட்பார்கள். அது பெந்தெகொஸ்தே, சுவிசேஷ சபைகளின் வழக்கம். மனந்திரும்பிய நாள், அப்புறம் முழுக்கு ஞானஸ்நானம் என்று அவர்களுக்கு ஒரு வரிசை உண்டு. கீழே சொல்லப்போகும் ஒப்பந்தங்களில் அவர்கள் சேரவில்லை.

ஒப்பந்தத்துக்கான முதல் முயற்சி 16ஆம் நூற்றாண்டிலேயே நடந்தது. 1541இல் ஜெர்மனியின் ரேகன்ஸ்பர்க் நகரில் கத்தோலிக்கப் பக்கம் கர்தினால் கொந்தாரினியும், புராட்டஸ்டண்ட் பக்கம் மெலாங்டனும் பூட்சரும் கூடிப் பேசி, நீதிமானாக்கப்படுதல் பற்றி ஒரு பொது வாசகத்துக்கே வந்துவிட்டார்கள். நற்கருணை (ஆலயத்தில் அப்பமும் ரசமும் பகிரும் சடங்கு) பற்றிய பேச்சில் எல்லாம் உடைந்தது. அந்த வாசகத்தை லுத்தரும் ஏற்கவில்லை, ரோமும் ஏற்கவில்லை. 1546 பிப்ரவரியில் லுத்தர் இறந்தார். 11 மாதம் கழித்துத் திரெந்து ஆணை வந்தது. அதன்பின் இரு தரப்பும் ஒருவரை ஒருவர் சபிக்கும் வாசகங்களைச் சுமந்துகொண்டு 450 ஆண்டுகள் நடந்தார்கள்.

1999 அக்டோபர் 31 அன்று, 1530 அறிக்கை பெயர் பெற்ற அதே ஆக்ஸ்பர்க் நகரில், கத்தோலிக்கத் திருச்சபையும் உலக லுத்தரன் கூட்டமைப்பும் நீதிமானாக்கப்படுதல் பற்றிய கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. அதன் மையம் இது: நம்மில் உள்ள எந்தத் தகுதியினாலும் அல்ல, கிருபையினால் மட்டும், கிறிஸ்துவின் மீட்புச் செயலில் கொள்ளும் விசுவாசத்தில், கடவுள் நம்மை ஏற்றுக்கொள்கிறார். தூய ஆவியைப் பெறுகிறோம், அவர் நம் உள்ளங்களைப் புதுப்பித்து நற்செயல்களுக்கு அழைக்கிறார். இந்த அறிக்கையில் உள்ளபடி போதிக்கும் மறுதரப்பைப் பழைய கண்டனங்கள் தொடாது என்றும் ஒப்புக்கொண்டார்கள். 2006இல் உலக மெதடிஸ்ட் மன்றம் சேர்ந்துகொண்டது. 2016இல் ஆங்கிலிக்கன் ஐக்கியம் அதன் சாரத்தை ஏற்றது. 2017இல் கால்வின் வழிச் சபைகளின் உலக அமைப்பும், லுத்தரின் விட்டன்பர்க் நகரிலேயே, இணைந்தது. டி.ஈ.எல்.சி. அந்த லுத்தரன் கூட்டமைப்பில் இருக்கிறது. சி.எஸ்.ஐ. மற்ற மூன்று உலகக் குடும்பங்களிலும் இருக்கிறது. ஆகவே நம் ஊரில் சம்பந்தம் பேசும் அந்த இரண்டு வீட்டின் சபைக் குடும்பங்களும் இந்த விஷயத்தில் ஏற்கெனவே கைகொடுத்துவிட்டன. எத்தனை மேடையில் இதை அறிவித்தார்கள் என்று நினைத்தால் எனக்கு வருத்தமாக இருக்கிறது.

எல்லாம் முடிந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. நீதிமானாக்கப்பட்டவன் அதே சமயம் பாவியாகவும் இருக்கிறான் என்ற லுத்தரின் கூற்றுக்குக் கத்தோலிக்கப் பக்கம் தயக்கம் இருந்ததால், அதை விளக்கத் தனியாக ஓர் இணைப்பு எழுத வேண்டியிருந்தது. பேறுபலன் பற்றி இன்றும் இரு தரப்பும் இரண்டு விதமாகப் பேசுகின்றன. அமெரிக்காவின் மிசூரி சினாட் போன்ற லுத்தரன் சபைகள் இந்த அறிக்கையையே ஏற்கவில்லை.

வீட்டில் இது எங்கே வந்து இடிக்கும்? சாவு வீட்டில். ஆர்.சி. குடும்பத்தில் மருமகளாகப் போன சி.எஸ்.ஐ. பெண், மாமனார் இறந்த 30ஆம் நாள் திருப்பலிக்குப் போகலாமா என்று தவிப்பாள். இறந்தவருக்காக ஜெபிப்பதை அவள் சபை போதிக்கவில்லை. தீர்ப்பு ஒரே தடவையில் முழுசாக வந்துவிட்டது என்றால் இனி வேண்ட என்ன இருக்கிறது என்பது அவள் பக்கத்து நியாயம். கணவன் வீட்டாரின் பக்கம்: உள்ளே தொடங்கிய தூய்மை முடியாமலே ஒருவர் இறந்தால் கடவுள் அதை முடித்துவைக்கிறார், அதுதான் உத்தரிப்பு. அது இரண்டாவது வாய்ப்பு அல்ல, அங்கே இருப்பவர் ஏற்கெனவே மீட்படைந்தவர், அவருக்காக வேண்டுவது அன்பின் கடமை. மாமனார் கிறிஸ்துவின் கையில் இருக்கிறார் என்பதை இரு தரப்புமே நம்புகின்றன. அவள் தாராளமாகப் போய் உட்காரலாம், அவருடைய வாழ்வுக்காக நன்றி சொல்லலாம். நற்கருணை வரிசையில் மட்டும் நிற்க முடியாது. அதற்குக் காரணம் விசுவாசம், கிரியை பற்றிய வழக்கு அல்ல. திருச்சபை, குருத்துவம், அருள்சாதனம் பற்றிய வேறு கேள்விகள் அதற்குப் பின்னால் இருக்கின்றன. இனிமேல் பேசித் தெளிய வேண்டியவை என்று 1999 அறிக்கையே அவற்றைத் தன் கடைசிப் பத்திகளில் குறித்துவைத்திருக்கிறது.